நாலாவது வாய்க்கால்

பல்லுக்குள்ளே வாய்க்கால் இருக்கிறதாம்.
கல்முனையில், ஹாட்வெயார் கடை மேல்மாடியில்,
எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குப் பிடித்து
டொக்டர் யதுர்ஷினி சொன்னபோது சிரிப்பு வந்தது.
வீங்கிய கன்னம் சிரிக்க விடவில்லை.

பதினேழு வருசம் வட்டவிதானை நான்.
ஆலையடிக் கண்டத்தில்
எந்த மதகு எத்தனை மணிக்குத் திறக்கும்,
எவன் இரவில் வரம்பை வெட்டுவான்,
எல்லாம் என் வாயில் இருக்கும்.
இது மட்டும் தெரியாமல் போனது.

மூன்று இரவு.
படுத்தால் குத்தும்,
எழும்பி நடந்தால் கொஞ்சம் அடங்கும்.
கறாம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன்.
"புடுங்கிப் போட்டுட்டு வாங்களன்" என்றாள் பரீனா,
நித்திரை கெட்ட கோபத்தில்.

"புடுங்கலாம்" என்றார் டொக்டரும்.
"ஆனா பல்லு நல்ல பல்லு.
உள்ளுக்குள்ள நரம்புதான் அழுகியிருக்கு."
யோசித்தேன்.
வாய்க்கால் நாறுகிறதென்று
வயலை விற்கிறவன் உண்டா?

ஊசி போட்டதும்
கீழ் உதடு வேறு யாருடையதோ ஆனது.
பச்சை றப்பர் தாள் வாய் முழுக்க மூடி
ஒரு பல் மட்டும் வெளியே,
வெள்ளத்தில் தெரியும் மைல்கல் மாதிரி.

அந்த நேரம் சட்டைப்பையில் போன் துடித்தது.
பார்க்காமலே தெரியும், உதுமாலெவ்வை.
கடைசி வயல்காரன்.
சிறுபோகம் தொடங்கிய நாளிலிருந்து ஒரே கதை:
"தண்ணி வருதில்ல வட்டானை."
இங்கினியாகலையில் திறந்த தண்ணீர்
முறைப்படி பங்கிட்டதுக்குக் கொப்பி இருக்கிறது.
பொய் சொல்கிறான் என்று
கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன்.
இப்போது அவனை ஏச எனக்கு வாய் இல்லை.

மயிர் தடிப்பில் கம்பிகள்,
மஞ்சள் பிடி, சிவப்புப் பிடி, நீலம்.
ஒவ்வொன்றாக இறங்கின.
பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி:
வேரின் நுனி வந்தால் கத்தும்,
அதற்கு மேல் தோண்டக் கூடாதென்று.
எங்கள் பெக்கோக்காரனுக்கு அப்படி ஒன்று வேண்டும்.
கிணற்றுக்குப் போடும் குளோரின் வாசம்.
"முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ஒண்டு,
மூண்டும் கழுவியாச்சு."
பஞ்சில் ஒட்டியிருந்ததைக் காட்டினார்,
கிழிந்த நூல் போல ஏதோ.
இதுவா என்னை மூன்று இரவு முற்றத்தில் நடக்க வைத்தது?

அடுத்த கிழமை போனேன்.
இன்னும் நோகிறது என்றேன், தயங்கித் தயங்கி.
மூன்றும் துப்புரவு, உங்கட நினைப்புத்தான் அது
என்று சொல்லப்போகிறார் என்றிருந்தேன்.
நான் என்றால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.
சொன்னேனே.

அவர் கண்ணாடியை மாட்டினார்,
விளக்கைச் சரித்தார்,
பல்லின் தரையைச் சுரண்டத் தொடங்கினார்.
"நோகுதெண்டா எங்கயோ இருக்கு."
அவ்வளவுதான் பேச்சு.
முக்கால் மணித்தியாலம் என் தாடை இற்றது.
பிறகு, பின்வேரின் ஓரத்தில்,
சுண்ணாம்பு மூடிய துளை ஒன்று.
நாலாவது.

கழுவி, உலர்த்தி,
அன்றைக்கே நாலையும் அடைத்தார்,
ஏதோ மரத்தின் பாலில் செய்த
இளஞ்சிவப்புக் குச்சிகளால்.
"இனி இந்தப் பல்லுக்கு உயிரில்ல. வேலை செய்யும்.
மேல மூடி போடாட்டி வெடிக்கும்" என்றார்.
மூடியின் விலையைக் கேட்டபோது
உயிருள்ள பற்களெல்லாம் கூசின.

வீட்டுக்குப் போகவில்லை.
சைக்கிளைக் கண்டத்துக்கு விட்டேன்.
மரத்த உதட்டோடு, கையில் மண்வெட்டியோடு,
வாய்க்கால் கரையால் அடியடியாக நடந்தேன்.
நான் எப்போதும் மோட்டார் சைக்கிளில் போகிற கரை.
பதினோராவது வயலுக்கு அப்பால்,
நாணல் பற்றைக்குக் கீழே
தண்ணீர் ஒரு சுழி போட்டு உள்ளே போனது.
கையை விட்டேன், முழங்கை வரை போனது.
நண்டு வளை.
அடுத்த பக்கம் வடிச்சல் வாய்க்கால்
நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தால் உதுமாலெவ்வை நிற்கிறான்,
எவ்வளவு நேரமாகவோ.
"நீ சொன்னது சரி" என்றுதான் சொன்னேன்.
பாதிச் சொல் உதட்டால் வழிந்தது.
"என்ன வட்டானை,
கள்ளுக் குடிச்சா வாறீங்க?" என்றான்.
பதிலுக்கு மண்வெட்டியை நீட்டினேன்.
அவன் களி வெட்டிப் போட்டான்.
நான் ஏறி மிதித்தேன்.